பதினோரு துண்டு

— அங்க உக்காராத முனிரத்தினம். ஆளு வருது.

— ஆளா? எந்த ஆளு? மரகதம், இது மூணாவது சீட்டு, ஜன்னலோரம். கம்பெனி பஸ்ஸுல எட்டு வருசமா நான் உக்காந்துகினு போற சீட்டு.

— என் சோத்துப் பை வெச்சிருக்கறது கண்ணுக்குத் தெரில? வண்டி பூரா காலியாத்தான் கீது. வேற எடம் பாரு.

— அஞ்சு மாசம் ஊர்ல இல்லன்னா சீட்டு கை மாறிடுமா?

— அஞ்சு மாசம் நாலு நாளு. அளந்து பேசு.

— கோதண்டண்ணா! ஸ்டேரிங்கப் புடிச்சிகினு சிரிக்கிறியே, இந்த அக்கிரமத்த நீ கேக்க மாட்டியா?

— நைனா, என்ன இதுல இஸ்துக்காத. ஸ்டேரிங்குக்கு இந்தாண்ட என் ராஜ்ஜியம். அந்தாண்ட இன்ஸ்பெக்சன் மரகதம் வெச்சதுதான் சட்டம். பேசாம எதிர் சீட்ல குந்து.

— குந்திட்டேன். வண்டிய எப்ப எடுப்ப? மணி ஆறு ஆயிடுச்சே.

— அந்த ஆளு வராம எடுக்கக் கூடாதுன்னு தங்கச்சி உத்தரவு.

— வண்டியே நிக்குதா அந்த ஆளுக்காக? அவ்ளோ பெரிய மனுசனா?

— பெரிய மனுசன்லாம் இல்லப்பா. மிசின் ஓட்டற ஆளுதான். கொஞ்சம் லேட்டு பார்ட்டி. நேரா வரத் தெரியாது, ஊரச் சுத்திகினுதான் வரும்.

— புதுசா சேந்தானே வசந்தகுமாரு, அவனா மரகதம்?

— நீ வந்து எறங்கியே ரெண்டு நாளுதான் ஆவுது. அதுக்குள்ள அவன் பேரு எப்டித் தெரியும்?

— எங்க பெரியம்மா பொண்ணு செங்கமலம் லெட்டர்ல எழுதியிருந்துச்சு. அதுவும் உங்க செக்சன்லதான கீது. புது ஆளு, மீசை, ஷோக்கா சட்டை போடறான்னு எழுதியிருந்துச்சு.

— மீசை நல்லாத்தான் கீது.

— அப்ப அவன்தானா?

— நான் மீசையத்தான் சொன்னேன்.

— நைனா, மீசைய வுடு. உன்ன மறுபடி சப்பானுக்கு அனுப்பறாங்களாமே? ரெண்டு வருசமாமே? பஸ் ஷெட்டுல பேசிக்கினாங்க.

— மெய்தாண்ணா. நேத்து மேனேஜரு கூப்ட்டாரு. புது மிசினு வருது, அது வர்ற வரைக்கும் அங்கயே இருந்து கத்துக்கோன்னாரு. குடும்பத்தோட போலாமாம். குடும்பம் கீதான்னு கேட்டாரு.

— நீ இன்னா சொன்ன?

— நாளைக்கு சொல்றேன் சார்ன்னேன்.

— அடப் பாவி! குடும்பம் கீதா இல்லியான்னு கேட்டா நாளைக்கு சொல்றேன்னு சொன்ன மொத ஆளு நீதான் நைனா.

— ஒர்த்தரக் கேட்டுட்டு சொல்றேன்னு அர்த்தம்ணா. இன்னிக்கு எட்டரை மணிக்குள்ள சொல்லணும். சரின்னா ரெண்டு பேரா போவேன். இல்லன்னா போவவே மாட்டேன், இன்னொரு தபா ஒண்டியா என்னால ஆவாது.

— கேட்டியா அந்த ஒர்த்தர?

— எங்க கேக்கறது மரகதம்? ஒரகடம் போனா முப்பது பேரு ஏறிடுவாங்க. அதுக்கு முன்ன, வாலாஜாபாத்துலயே கேட்டுடலாம்னு ராத்திரி பூரா யோசிச்சு வெச்சிகினு வந்தேன். வந்தா சீட்டுல பை.

— பைக்கும் உனக்கும் இன்னா?

— ஒண்ணுமில்ல.

— ஒண்ணுமில்லல்ல? அப்ப ஊர்க் கதையச் சொல்லு. உங்க வூட்ல ஒம்போது பேரு. நீ ஒண்டியா ஒரு நாளு கூடத் தூங்கியிருக்க மாட்ட. நகோயாவுல எப்டித் தூங்குன?

— தூங்கவே இல்ல. ரூம்புக்குள்ள தரை பூரா பாயி. ஒரு ஆளுக்கு ஆறு பாயி! மொத நாளு ஒண்ணுல படுத்தேன், அப்பால அடுத்தது, ஆறுலயும் படுத்துப் பாத்துட்டேன். கண்ண மூட முடில. கொறட்டை சத்தம் இல்லாம எப்டித் தூங்கறது? எங்கப்பன் கொறட்டை ஒரு பக்கம், சித்தப்பன் கொறட்டை ஒரு பக்கம், நடுவுல படுத்துப் பழகுனவன்.

— அப்பறம்?

— ரேடியோவப் போட்டேன். ஒரு ஆளு மழையப் பத்தியோ மீன் வெலையப் பத்தியோ இன்னாமோ சொல்லிகினே இருந்தான். ஒரு எழுத்து புரில. ஆனா வூட்ல யாரோ பேசிகினு கீறா மாதிரி இருந்துச்சு. தூங்கிட்டேன்.

— பாவம்தான்.

— மொத மாசம்தான் பாவம். அப்பறம் பாத்தீன்னா ஷோக்கா ஆயிடுச்சு. என் பாக்கெட்டுல என் சாவி! எங்க வூட்டுக்கு சாவின்னு ஒண்ண நான் பாத்ததே இல்ல, எந்நேரமும் ஆளு இருக்கும். அங்க நானே பூட்டி நானே தெறப்பேன். சில நாளு சும்மாவே ரெண்டு தபா பூட்டித் தெறப்பேன். ஞாயித்துக்கெழமையானா சைக்கிள எடுத்துகினு ஆத்தங்கரை ஓரமா தமிழ்ல சத்தமா பேசிகினே போவேன். ஏன்னு ஒர்த்தனும் கேக்க மாட்டான். எதுக்க வர்றவன் குனிஞ்சு வணக்கம் வெப்பான். நானும் வெப்பேன்.

— யார்கிட்ட பேசிகினு போன?

— அது… பொதுவா பேசுவேன்.

— ஈராக்குல குண்டு போடறாங்கன்னு டீவில காட்டுனப்ப, பிளேனெல்லாம் அந்தப் பக்கமா போவுமோன்னு உங்கம்மா ஒரே அழுவை.

— நைனா, அம்மா மட்டும் இல்ல. என்ன வாலாஜாபாத் கடையில ஒலக மேப்பு வாங்கியாரச் சொன்னது யாருன்னு கேளு.

— கோதண்டண்ணா, உன் ராஜ்ஜியம் ஸ்டேரிங்குக்கு இந்தாண்டதான? இந்தாண்டயே இரு. நீ சொல்லுப்பா. சாப்பாடு?

— நானே பொங்கிப்பேன். ஆனா பாரு மரகதம், சமைக்கறது கூடக் கஷ்டமில்ல. சாப்டியான்னு கேக்க ஆளு இல்ல பாரு, அதான் பேஜாரு. ஒரு வாரம் பாத்தேன். அப்பால நானே கேட்டுக்க ஆரம்பிச்சிட்டேன். ஒரு நாளு எங்கம்மா கொரல்ல. ஒரு நாளு அண்ணன் கொரல்ல.

— என் கொரல்லயா? இன்னான்னு கேட்ட?

— ‘நைனா, துன்னியா?’

— அட, அப்டியே கீதே!

— ருசி பாக்கறதுக்கு மட்டும் வேற ஒரு கொரலு. ‘உப்பு ஜாஸ்தி, ரிஜெக்டு.’ ‘சோறு கொழஞ்சிடுச்சு, ரிஜெக்டு.’ ‘இது சாம்பாரா, மிசினுக்கு ஊத்தற கூலண்ட் ஆயிலா, ரிஜெக்டு.’

— அது யாரு கொரலு?

— இன்ஸ்பெக்சன் ஆளு ஒர்த்தர் கொரலு.

— இன்ஸ்பெக்சன்ல பதினாலு பேரு கீறோம்.

— ஆமா. பதினாலு பேரு.

— ஒரு நாளாச்சும் பாஸ் பண்ணுச்சா அந்தக் கொரலு?

— ஒரே ஒரு நாளு. டிசம்பர்ல. புளி கெடைக்கல, தக்காளியும் எலுமிச்சம் பழமும் போட்டு ரசம் வெச்சேன். வெளில அப்பதான் மொத மொதல்ல பனி கொட்டுது. ஜன்னலாண்ட நின்னுகினு ஒரு வாய் குடிச்சேன். ‘ம்… பரவால்ல’ன்னுச்சு. அங்கயே ஆடிட்டேன், மெய்யாலுமே. கீழ் வூட்டுக்காரரு கொம்பால மேல தட்டுனாரு.

— பரவால்லன்னதுக்கே ஆட்டமா?

— அந்தக் கொரலு அவ்ளோ சுளுவா பரவால்லன்னு சொல்லாது மரகதம்.

— நைனா, ஊரு ஜனங்க எப்டி? நம்பள மாதிரியா?

— அதான் சொல்ல வர்றேன். துண்டு கதையச் சொல்லணும் உங்களுக்கு. போறப்ப காஞ்சிபுரத்துல ஒரு டஜன் துண்டு வாங்குனேன், செவப்புக் கரை போட்டது. அங்க போய்ப் பொட்டியத் தெறந்தா பதினொண்ணுதான் இருந்துச்சு. ஏன்ணா, கெளம்புன அன்னிக்கு இந்த வண்டில ஒரு துண்டப் போட்டேனே, உக்கார்றதுக்குள்ள மேனேஜரு ஜீப்பு வந்து அப்டியே ஏர்போர்ட்டுக்கு இட்டுகினு போயிட்டாங்களே. அத நீ பாத்தியா?

— துண்டா? கண்ணாடி தொடச்சிருப்பேன் நைனா. நீ மேல சொல்லு.

— சரி, போவட்டும். அங்க காலைல பேக்டரிக்கு டவுன் பஸ்ஸு. டிப்போவுக்குள்ள பஸ்ஸு வந்து திரும்புது. என் கை சும்மா இருக்குமா? ஓடிப்போயி ஜன்னல் வழியா துண்டப் போட்டுட்டேன்.

— நகோயாவுலயா!

— நகோயாவுலதான். வண்டி நிக்கறதுக்கு முன்ன துண்டு வுழுந்தா அந்த சீட்டு நம்புளது. வாலாஜாபாத்துல கைக் கொழந்தைக்கு கூடத் தெரியும். அங்க எவனுக்கும் தெரில. நான் படி ஏறி உள்ள போறேன், ஒரு அம்மா என் துண்ட ரெண்டு கையாலயும் ஏந்திகினு டிரைவராண்ட ஓடுது. யாரோ பாவம் தொலைச்சிட்டாங்கன்னு. டிரைவரு வாங்கி ஒரு பொட்டில போட்டுட்டாரு. என்னுதுன்னு சொல்ல எனக்கு பாஷை தெரியுமா?

— கூட்டம் நெறைய இருந்துச்சா பஸ்ஸுல?

— கூட்டமா? பாதி வண்டி காலி.

— பின்ன ஏன்ப்பா போட்ட?

— எனக்கு வேணும்னு இல்ல மரகதம். துண்டு போட்டாத்தான் இந்த ஊர்ல எனக்கும் ஒரு எடம் கீதுன்னு தோணுச்சு. மறுநாளும் போட்டேன். ஒரு காலேஜ் பையன் எடுத்துகினு ஓடுனான். அதுக்கு மறுநாளு ஒரு தாத்தா. பதினோரு நாளு, பதினோரு துண்டு. அப்பறம் போட துண்டு இல்ல. பனியன்லதான் தலை தொவட்டுனேன்.

— போச்சா எல்லாம்?

— அதக் கேளு. ஒரு மாசம் கழிச்சு அந்த டிரைவரு என் சட்டையப் புடிச்சி டிப்போ ஆபீசுக்கு இட்டுகினு போறாரு. போச்சுடா, போலீஸுன்னு நெனச்சேன். உள்ள ஒரு ஆபீசரு அலமாரியத் தெறக்கறாரு. பதினோரு துண்டு! தோச்சு, இஸ்திரி போட்டு, அடுக்கி வெச்சிருக்கு. ஒவ்வொண்ணுலயும் ஒரு டேக். எந்தத் தேதி, எந்த பஸ்ஸு, எத்தினியாவது சீட்டு, அல்லாம் எழுதிக்கீது. மஞ்சக் கலர் டேக். பாத்ததும் உன் ஞாபகம்தான்.

— ஏன் என் ஞாபகம்?

— நீ ரேக்குல கீற பார்ட்டுக்கெல்லாம் டேக் கட்டுவியே. பாஸுன்னா பச்சை, ரிஜெக்டுன்னா செவப்பு, ரெண்டும் சொல்ல முடியலன்னா மஞ்சள், ஹோல்டு. முடிவு தெரியற வரைக்கும் ஒர்த்தனும் தொடக் கூடாதுன்னு. அப்டியே அதே மஞ்சள். நின்ன எடத்துலயே அழுதுட்டேன் மரகதம். எனக்கு இங்க யாருமே இல்லன்னு தெனம் நெனச்சிகினு படுத்திருக்கேன். பதினோரு நாளும் யாரோ எனக்குன்னு எடுத்து, தோச்சு, தேதி போட்டு வெச்சிருக்காங்க பாரு.

— ம்.

— கேளு இன்னும். எனக்கு மிசினு கத்துக் குடுத்த தனாகா சார் வந்து, எங்க ஊர்ல துண்டு போட்டா இன்னா அர்த்தம்னு அந்த டிரைவருக்கு எடுத்துச் சொன்னாரு. மறுநாளு காலைல பஸ்ஸுல ஏறுறேன். மொத சீட்டுல ஒரு சின்னத் துண்டு மடிச்சு வெச்சிருக்கு. டிரைவரு கையக் காட்டறாரு, உக்காருன்னு. ஊர் திரும்பற வரைக்கும் தெனம் எனக்கு சீட்டு போட்டு வெச்சாரு அந்த மனுசன்.

— சபாஷ்! டிரைவர்னா அவன் டிரைவரு. தங்கச்சி, இன்னாமா ஜன்னல் பக்கமே திரும்பிக்கின? கண்ணுல தூசா?

— தூசுதாண்ணா. நீ மணியப் பாரு.

— ஆறு பத்து. நைனா, எட்டரைக்கு மேனேஜருக்கு பதில் சொல்லணுமே. கேக்க வந்தத கேட்டுத் தொலையேன்.

— எப்டிண்ணா கேக்கறது? வேற ஆளு வர்ற சீட்டுக்கு நான் துண்டு போட முடியுமா? அது நாயமில்ல. அந்த ஆளு யாருன்னு தெரிஞ்சா, நல்லாருங்கன்னு சொல்லிட்டு நான் பாட்டுக்குப் பின்னாடி போய் குந்திப்பேன்.

— அந்தப் பைய எடு முனிரத்தினம்.

— உன் சோத்துப் பையயா? தொட்டா கைய ஒடிப்பியே.

— இன்னிக்கு ஒடிக்கல. எடு.

— எடுத்துட்டேன். அடில ஒரு… மரகதம், இது துண்டு. செவப்புக் கரை. இது என்னுது!

— டேக்கப் படி.

— மஞ்ச டேக். ‘தேதி ஒண்ணு பத்து தொண்ணூறு. வாலாஜாபாத் வண்டி. சீட்டு மூணு. ஹோல்டு.’ கீழ உன் கையெழுத்து.

— நைனா, தெனம் காலைல தங்கச்சிதான் அந்தத் துண்டப் போடும். சாயந்தரம் மடிச்சு வூட்டுக்கு எடுத்துகினு போவும். வாரத்துக்கு ஒரு தபா தோச்சு எடுத்தாரும். அந்த மீசை வசந்தகுமாரு ஒரு நாளு துண்ட நவுத்திட்டு குந்துனான். தங்கச்சி போட்ட சத்தத்துல எழுந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் நின்னுகினே வந்தான்.

— அப்ப… வர்ற ஆளுன்னு நீ சொன்னது…

— ஊரச் சுத்தாத. கேக்க வந்தத நேரா கேளு.

— கேக்கறேன். மரகதம், நகோயாவுல அந்த ரூமு ஒரு ஆளுக்கு ரொம்பப் பெருசு. நீயும் வரியா? என்னக் கட்டிக்கறியா?

— அந்த டேக்க இப்டி குடு.

— இந்தா. ஏய், ஏன் கிழிக்கற?

— முடிவாயிட்டா மஞ்ச டேக் இருக்கக் கூடாது. செக்சன் ரூலு.

— அப்ப பாஸா, ரிஜெக்டா? சொல்லேன், எட்டரைக்கு மேனேஜருக்கு பதில் சொல்லணும்!

— கோதண்டண்ணா, வண்டிய எடு. ஆளு வந்துட்டாரு.