விசில் கயிறு

— எறும்பு நடக்குற சத்தம் எங்க ஆறாம் வகுப்புக்குக் கேக்கும், குலாட்டிஜி. எந்தக் கால் நொண்டின்னுகூடச் சொல்லிடுவாங்க.

— ஆரம்பிச்சிட்டீங்களா சரோஜ் தீதி. நாம ரிட்டயர் ஆகி ஆறு வருஷமாச்சு, உங்க புளுகு மட்டும் இன்னும் சர்வீஸ்ல இருக்கு. வெயில் போறதுக்குள்ள கடலையைச் சாப்பிடுங்க.

— புளுகா? தினம் முதல் பீரியட் மனசுப் பாடம். கண்ணை மூடு, ரெண்டு நிமிஷம் வர்ற சத்தத்தைக் கேளு, உள்ள என்ன தோணுதுன்னு சொல்லு. நாப்பத்திமூணு பிள்ளைங்க. யமுனையே ஓடுறதை நிறுத்திட்டு எட்டிப் பாக்கும்.

— அது பாடமா? சம்பளத்தோட தூக்கம். நான் பி.டி. மாஸ்டர். ஒரு விசில் ஊதினா மொத்த ஸ்கூலும் நேரா நிக்கும்.

— நிக்கும், பயத்துல. எட்டு வருஷம் முன்னாடி, ஒரு ஜூலையில நக்மான்னு ஒருத்தி, வாயே திறக்காதவ, “மேடம், சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரோ பிராண்டுறாங்க”ன்னா.

— எலி.

— நானும் எலின்னுதான் உக்காரச் சொன்னேன். அந்தப் பாவம் என்னைச் சேர்ந்தது. அவ உக்காரலை. “எலி அழாது மேடம்”னா. பக்கத்துல உங்க ஸ்போர்ட்ஸ் ரூம். பூட்டை உடைச்சுப் பாத்தா, வரலைன்னு நான் ஆப்சென்ட் போட்ட எங்க வகுப்பு பிரிஜேஷ். உதடு நீலம். விரல்ல நகமே இல்லை.

— எறும்பு, யமுனை, இப்ப நகம். அவன் விளையாட்டுக்கு உள்ள போனான், கதவு தானா சாத்திக்கிச்சு. விசாரணையிலயே எழுதியிருக்கு.

— சாத்திக்கிட்ட கதவு வெளியில பூட்டும் போட்டுக்கிச்சாக்கும்.

— பூட்டெல்லாம் உங்க கற்பனை.

— அவனுக்கு இப்ப பத்தொன்பது. லிஃப்ட்ல ஏறமாட்டான். கதவைச் சாத்திக் குளிக்கமாட்டான். “நீயே போய் மாட்டிக்கிட்டு மானத்தை வாங்கினே”ன்னு அம்மா இன்னும் திட்டுறா. நேத்து வீட்டுக்கு வந்தான். “நானாத்தான் போனேனோன்னு எனக்கே சந்தேகமா இருக்கு மேடம்”ங்கிறான்.

— கடலை ஆறிப்போச்சு.

— போகட்டும். கண்ணை மூடுங்க.

— இந்த வயசுலயா? பார்க்கே சிரிக்கும்.

— சிரிக்கட்டும். மூடுங்க. என்ன கேக்குது?

— கிளி. மெட்ரோ. கடலைக்காரன் கரண்டி.

— அப்புறம்?

— ஒண்ணுமில்லை.

— இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு.

— பூட்டு இருந்துச்சு தீதி. காலையில ஷூ போடாம வந்தான்னு அவனை உள்ள தள்ளி நான்தான் பூட்டினேன். அவன் பிராண்டினது நக்மாவுக்கு முன்னாடியே எனக்குக் கேட்டுச்சு. சாவி என் விசில் கயித்துலதான் தொங்கிட்டிருந்தது.