பால் திரியல

பிரேமாவதி: ...சிரிக்க வைக்காதீங்க, தையல் இழுக்குது. வயித்த அறுத்துப் பிள்ளைய எடுத்தது எனக்கு. நடக்க முடியாத மாதிரி வர்றது நீங்க.

அழகேசன்: பாலிங்லேர்ந்து வர்ற பஸ்ஸு லேட்டுலா, பிரேமா. நான் என்ன பண்ண?

பிரேமாவதி: பஸ்ஸுல டெட்டால் போட்டுக் கை கழுவச் சொல்றாங்களா? உங்க கை அப்படி மணக்குது.

அழகேசன்: அது... பிள்ளைய ஒரு எட்டுப் பாத்துட்டு வந்தேன்.

பிரேமாவதி: எப்படி இருக்கான்?

அழகேசன்: ராஜா மாதிரி. விளக்குக்கு அடியில படுத்திருக்கான். லேசா மஞ்சக் காமாலை, அவ்வளவுதான்.

பிரேமாவதி: இத்தனை நாளா விளக்கா? தீபாவளியே முடிஞ்சிருக்கும்.

அழகேசன்: உனக்கு எல்லாம் கேலி. பசியாறிட்டியா?

பிரேமாவதி: ஆச்சு. நீங்க?

அழகேசன்: ம்...

பிரேமாவதி: ம்னா இல்லன்னு அர்த்தம். மூத்தவன் போனப்பவும் இப்படித்தான். பச்சத் தண்ணி இறங்கல உங்களுக்கு.

அழகேசன்: இப்ப எதுக்கு அவன் பேச்சு... அது தோட்டத்து வீட்டுல. காய்ச்சல்கூட இல்ல. பால் குடிக்கிறத நிறுத்தினான்... தோட்டத்து டிரஸர் மருந்துப் பெட்டியோட வர்றதுக்குள்ள... விடு பிரேமா. இவன் வேற.

பிரேமாவதி: நான் ஒண்ணும் சொல்லலையே. கண்ணு ஏன் கலங்குது?

அழகேசன்: டெட்டாலு.

கேதரின் மிஸ்ஸி: அண்ணே, இங்கயா இருக்கீங்க? உங்களைத் தேடிப் பிள்ளைங்க வார்டு முழுக்கச் சுத்திட்டேன். நல்ல சேதி. பால் திரியல.

பிரேமாவதி: எந்தப் பாலு மிஸ்ஸி? நான் பீச்சிக் குடுத்த பாலா?

அழகேசன்: இல்லலா... தோட்டத்துப் பாலு. ஸ்டோர்ல திரிஞ்சிடுச்சுன்னு வேலை வாங்குற மண்டோர் ஒரே சத்தம்...

பிரேமாவதி: பாலிங் தோட்டத்துல ரப்பர் பால் திரிஞ்சத, இந்த ஆஸ்பத்திரி நர்ஸு மிஸ்ஸி வந்து சொல்றாங்களா?

கேதரின் மிஸ்ஸி: போதும்ணே, எனக்கே சிரிப்பு வருது. நான் சொல்லிடட்டா?

அழகேசன்: மிஸ்ஸி... வேணாம்னு சொன்னேனே.

கேதரின் மிஸ்ஸி: அது பயந்திருந்தப்ப. இன்னிக்குச் சொல்லலாம். பிரேமா, பிள்ளைக்கு ரத்தத்துல கிருமி. உடம்புல கிருமி புகுந்தா ரத்தத்துல ஒரு பொருள் ஏறும். குதிகால்ல குத்தி ரத்தம் எடுத்து, லேப்புல கறுப்புக் கண்ணாடித் துண்டுல லேட்டக்ஸ்னு பால் மாதிரி ஒரு மருந்தோட கலக்கிப் பாப்பாங்க. அந்தப் பொருள் ஏறியிருந்தா லேட்டக்ஸ் மணல் மணலாத் திரிஞ்சிடும்.

அழகேசன்: நாங்க பால்ல ஆசிட் ஊத்துற மாதிரி.

கேதரின் மிஸ்ஸி: இப்ப நல்லாப் பேசுறாரு. அன்னிக்கு லேப் வாசல்ல நின்னு என்ன சண்டை... 'ரப்பர் பாலை எம்புள்ள ரத்தத்துல கலக்குறீங்களா, உறைஞ்சு ஷீட்டாயிடுமே'ன்னு.

பிரேமாவதி: ஐயோ... தையலு...

அழகேசன்: லேட்டக்ஸ்னா எங்களுக்கு அதுதானே தெரியும்? பேரை வேற மாதிரி வெச்சிருக்கலாம்.

கேதரின் மிஸ்ஸி: கலக்கறது கண்ணாடிலதான், பிள்ளைக்குள்ள இல்லன்னு பெரிய டாக்டரே கூட்டிப்போய்க் காட்டினாரு. அப்ப நல்லாத் திரிஞ்சுச்சு. உடனே ஊசி ஆரம்பிச்சாச்சு. கிருமிய வளத்துப் பாக்குற டெஸ்ட்டுக்குக் காத்திருந்தா நாள் ஓடியிருக்கும். இன்னிக்குத் திரியவே இல்ல. மருந்து கேட்டிருக்கு. மிச்ச ஊசியையும் போட்டுட்டு வீட்டுக்குப் போகலாம். இப்பவே பாலை இழுத்துக் குடிக்கிறான்.

அழகேசன்: குடிக்கிறானா... நெசமாவா மிஸ்ஸி?

கேதரின் மிஸ்ஸி: மாதா மேல சத்தியமா.

அழகேசன்: பிரேமா... கோவிச்சுக்காத. விளக்குன்னு பொய் சொல்லிட்டேன். ஆபரேஷன் பண்ண உடம்பு, தாங்கமாட்டேன்னு... ஆமா, நீ ஏன் பதறல? மிஸ்ஸி, நீங்க ஏன் அவளைப் பாத்துச் சிரிக்கிறீங்க?

கேதரின் மிஸ்ஸி: என்னைக் கேக்காதீங்க. புருஷனும் பொண்டாட்டியும் ஆளுக்கொரு சத்தியம் வாங்கி வெச்சிருக்கீங்க. நான் எதைக் காப்பாத்துறது?

பிரேமாவதி: மூத்தவன் மாதிரியே இவனும் மாரை விட்டு வாயெடுத்துட்டான். அப்பவே மிஸ்ஸியைக் கூப்பிட்டு, ரத்தம் எடுத்துப் பாருங்கன்னு அழுதது நான்தான். எனக்குத் தெரியும்னு உங்ககிட்ட சொல்ல வேணாம்னு சொன்னதும் நான்தான். நீங்க வந்து விளக்குன்னீங்க... அந்த விளக்கு உங்களுக்குத்தான் வேண்டியிருக்குன்னு நானும் தலையாட்டிட்டேன். இந்தாங்க, காலையில குடுத்த ரொட்டி. உங்களுக்காகத்தான் எடுத்து வெச்சேன். இப்பவாவது சாப்பிடுங்க.