என் தோளில் கல்யாணப் புடவை

"முன்சீட்டுக்காரர் மேல போடும்மா, அந்த வழுக்கையில ஜரிகை நல்லா தெரியுது."

ஓரிக்கை போகும் பஸ்ஸில் அந்த வழுக்கை என்னுடையது. பின்சீட்டில் நெசவுத் தொழில் செய்யும் கணவன் மனைவி. மகளின் கல்யாணப் புடவையை நெய்வதற்கு முன்பே, இருவரும் அவரவர் போன் கேமராவில் என் தலையிலும் தோளிலும் விரித்ததுபோல் திரையில் பார்க்கிறார்கள் என்று பேச்சில் புரிந்தது. ஒருவர் நிறம் மாற்றினால் மற்றவர் போனிலும் மாறுமாம்.

"நான் வச்ச பச்சைக் கரையை ஏன்யா மாத்திக்கினே இருக்கிற?"

"மஞ்சக் கரைதாம்மா எடுப்பு. சீக்கிரம் சொல்லு, இன்னிக்குத் தறியில பாவு நூல் ஏத்தணும்."

"தறியில உக்காந்து கரைக்கு நாடா தள்ளப்போறது நானு. எனக்குப் பச்சைதான்."

போனை விரல் தட்டும் சத்தம் கேட்டது.

"சரி, கங்கா ஜமுனாவா நெய்யலாம். ஒரு பக்கம் உன் பச்சை, ஒரு பக்கம் என் மஞ்சள்."

"ஐய, இப்பப் பாருய்யா! அந்தாளுக்கே எவ்ளோ அழகா இருக்குது!"

என் நிறுத்தம் வந்தது. அவர்கள் பார்த்து முடிக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.