எனக்குப் பிறகு உனக்குத்தான்

மரினா நல்ல பிள்ளை. நேற்று பொலிஸ் விசாரணையில் என் தமிழை உங்களுக்கு டெனிஷில் சொல்லித் தந்தவர் அவர்தான். நான் நீட்டி முழக்கிக் கதைக்கிறவன். அவர் ஒரு தரமும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் ஓரிடத்தில் மட்டும் பொருளை மாற்றிவிட்டார். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, குறை சொல்ல முடியாது. அதைத் திருத்தவே எழுதுகிறேன். சாவகச்சேரியில் படித்த காலத்திலேயே, முதலில் பொருள், பிறகு விபரம் என்று எழுதிப் பழகியவன் நான். ஆகவே, பொருள்: கார்.

அறுபத்து நாலாம் ஆண்டு அமெரிக்கக் கார். கூரை திறக்கும். வான நீலம். எங்கள் பிராண்டே ஊர்த் தெருவில் நிறுத்தினால் மூக்கு ஒரு வீட்டு வாசலிலும் வால் அடுத்த வீட்டு வாசலிலும் நிற்கும். சொந்தக்காரர் மகேந்திரராசா அண்ணை. நானும் அவரும் காற்றாலைத் தொழிற்சாலையில் ஒரே பகுதியில் வேலை. ஒரு டெனிஷ் விவசாயியின் மாட்டுக் கொட்டிலில் கிடந்ததை வாங்கி இழுத்து வந்தார். பின் சீற்றில் கோழி அடை கிடந்தது. அதைக் கண்ட உடனே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாத சிரிப்பு. பெண் பார்க்கப் போன அன்றுகூட எனக்கு அப்படி வரவில்லை. இந்த வரியை என் மனுசிக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

கார் அண்ணையுடையது. கை என்னுடையது. பழைய எஞ்சின் தேகசுகம் இல்லாத ஆளைப்போல இருமும். அதைத் தூக்கிவிட்டு, அமெரிக்காவில் இருந்து எடுப்பித்த எட்டு சிலிண்டர் எஞ்சினை இறக்கினேன். முதல் தரம் ஸ்டார்ட் பண்ணியபோது தட்டில் இருந்த ஆணி டின்கள் எல்லாம் ஆடிக்கொண்டு வந்து கீழே விழுந்தன.

அண்ணை காதைப் பொத்திக்கொண்டு கத்தினார். “டேய் பாலேந்திரா, இது காரோ ஹெலிகொப்டரோ?”

“ஹெலியெண்டால் நீங்கள் இப்ப பங்கருக்குள்ளை எல்லோ நிப்பியள்!”

இருவரும் நிலத்தில் இருந்து சிரித்தோம். பிறகு கியர்பெட்டி. இரண்டு கியர் மட்டும் இருந்ததை எடுத்துவிட்டு நாலு கியர் பெட்டி பூட்டினேன். முன்பு பெருந்தெருவில் அலறின வாகனம், இப்போது தனக்குள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போனது. பின் அச்சும் புதிது. பிரேக்குக்கு வந்தால், அந்தக் காலத்து டிரம் பிரேக் மிதித்தவுடன் நிற்காது. நிற்கலாமோ என்று யோசித்து, நாலு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் நிற்கும். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டேன். ஒழுங்கையில் அண்ணை ஒரு மிதி மிதித்தார். மூக்குக்கண்ணாடி பறந்து போய்க் காரின் முன்கண்ணாடியில் அடித்தது. “ஐயோ, வடிவடா!” என்று குழந்தைப் பிள்ளைபோலக் கை தட்டினார்.

அன்றைக்குத்தான் அவர் அதைச் சொன்னார். அவருடைய மனைவி ராசமலர் அக்கா வடைத் தட்டோடு கராஜ் வாசலில் நின்றா. நான் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டு நின்றேன். அண்ணை என் முதுகில் தட்டி, “எனக்குப் பிறகு உனக்குத்தானடா,” என்றார்.

“கேட்டனீரோ தம்பி, சாட்சிக்கு நான் நிக்கிறன்,” என்றா அக்கா.

அன்றிரவு எனக்குப் படுக்கை கொள்ளவில்லை. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. சொன்ன சொல் மாறாத மனுசன்.

பிரச்சினை ஒன்றுதான். அண்ணைக்கு நோய், வருத்தம் ஒன்றும் இல்லை. மார்கழியில் கடலுக்குள் குதித்துவிட்டு விசிலடித்துக்கொண்டு ஏறி வருவார். அவருடைய அப்பு கொடிகாமத்தில் இன்னும் சைக்கிள் ஓடுகிறார். பரம்பரை அப்படி. நான் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். என் முறை வரும்போது எனக்கு ஓட்டக் கண் தெரியாது. காரும் காத்திருக்காது; குரோம் மங்கும், ரப்பர் காயும். இவ்வளவு நல்ல எஞ்சினை அண்ணை ஊராரின் கலியாண ஊர்வலத்துக்கு ஆமை வேகத்தில் உருட்டிக்கொண்டு திரிவது, அதையும் நீங்கள் யோசிக்க வேண்டும்.

அந்தக் காலத்துக் காரில் நாலு சக்கரத்துக்கும் பிரேக் எண்ணெய் ஒரே வழியால்தான் போகும். ஓரிடத்தில் போனால் எல்லாம் போச்சு. இதை இரட்டை வழியாக மாற்றுவதுதான் வழக்கம். நான் மாற்றவில்லை. பழமைக்கு ஒரு மரியாதை இருக்கிறது. வாகனப் பரிசோதனையில் பாஸாகி வந்தபின், பின்பக்கம் போகும் புது ரப்பர் குழாயைக் கழற்றிவிட்டு, கொட்டிலில் இருந்து வந்த பழைய குழாயைத் திரும்பப் பூட்டினேன். மெல்ல மிதித்தால் தாங்கும். இடது காலடியில், மற்றது போனாலும் பிடிக்கக்கூடிய பார்க்கிங் பிரேக் இருக்கிறது என்றும் அண்ணைக்குச் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

ஞாயிறு காலை கோயிலில் பூசை, பிறகு வைல நகரத்துக்கு முதல் ஓட்டம். ஐயர் சந்தனம் பூசினார். சக்கரத்துக்குக் கீழே தேசிக்காய் நசிந்தது. எல்லாருக்கும் ஒரே புளுகம், சந்தோசம். அண்ணை கூரையைத் திறந்து, கறுப்புக் கண்ணாடி போட்டு, ஹோர்ன் அடித்தார். “வைல போகுமட்டும் நான். எனக்குப் பிறகு உனக்குத்தான், சரியோ?” என்று எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னார். பாருங்கோ, கடைசி நேரத்திலும் உறுதிப்படுத்தினார்.

அக்காவை நான் என் காரில் ஏற்றினேன். காற்றுக்குத் தலை கலையும் என்றேன். நான் ஈவிரக்கம் இல்லாதவன் அல்ல.

டென்மார்க் தட்டை நாடு; பிரேக்குக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் வைல நகரத்துக்குக் காட்டுக்குள்ளால் இறங்கும் பாதை ஒன்று இருக்கிறது. அதால் போவோம் என்று சொன்னது நான்தான். முதல் வளைவில் அவருடைய பிரேக் லைற் எரிந்தது. இரண்டாவதிலும் எரிந்தது. அதன்பிறகு அணையவே இல்லை. கார் மட்டும் வேகம் எடுத்துக்கொண்டு போனது. எவ்வளவு பிரகாசமான சிவப்பு. அந்த வயரிங்கும் என் கைதான். அக்கா, “ஏன் தம்பி இவர் இப்பிடிப் பறக்கிறார்?” என்று சிரித்தா. நானும் சிரித்தேன். கீழே ஒரு மரத்தில் மோதித்தான் நின்றது. வேறு ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை.

ஆகவே, செய்தது நான்தான். அதில் எனக்கும் உங்களுக்கும் வேறுபாடு கிடையாது.

நேற்று நீங்கள் ஒரு திறப்பை, அந்தக் காரின் சாவியை, காட்டினீர்கள். அண்ணையின் சட்டைப் பையில் இருந்ததாம். புதிதாக வெட்டியது, வளையத்தில் தமிழில் என் பெயர். எனக்கு வந்த சந்தோசத்தை மரினாவே பார்த்தார். சொல்லை எழுத்திலும் வைத்திருக்கிறார் என்றால், எப்படிப்பட்ட மனுசன்.

ஆனால் ராசமலர் அக்கா துக்கத்தில் வேறு கதை சொல்கிறா. வைலயில் கோப்பி குடித்துவிட்டுத் திரும்பி வரும்போது என்னை ஓட்ட விடுவதாக இருந்ததாம். அன்றைக்கிருந்து கார் இருவருக்கும் பொது என்று அந்தத் திறப்பைத் தர இருந்தாராம். மரினாவும் அதைப் பிடித்துக்கொண்டு, ‘எனக்குப் பிறகு’ என்றதை ‘என் முறை முடிந்ததும்’ என்று மொழிபெயர்த்துவிட்டார். தயவுசெய்து ‘நான் செத்த பிறகு’ என்று திருத்திக்கொள்ளவும். அவர் சொன்னது அதுதான். வேறு பொருள் இருந்திருந்தால் நான் அதைச் செய்திருப்பேனா? ஒரு கோப்பி குடிக்கிற நேரம்கூடப் பொறுக்க மாட்டாத ஆள் இல்லை நான்.