இடப்பக்கக் கீழ்ப்பலகை

மார்ச் 3, திங்கள். பட்டியை இறுக வைக்கிற ஹார்டனர் கூடிவிட்டது. ஒரு கரண்டி பட்டிக்கு ஒரு பட்டாணி அளவு போதும் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். எந்தப் பட்டாணி, காய்ந்ததா பச்சையா என்று யோசித்துக்கொண்டே இரண்டு பட்டாணி அளவு பிதுக்கிவிட்டேன். தகட்டில் எடுத்துத் தேய்ப்பதற்குள் கல்லாகிவிட்டது. தவறு என்னுடையது. நாளை புதிதாகக் குழைக்க வேண்டும்.

டீச்சர், மேலே உள்ளதுதான் முதல் நாள் குறிப்பு. அதற்குப் பிறகு ஏழு வாரம் இந்த நோட்டில் நான் ஒன்றும் எழுதவில்லை. வேலைக் குறிப்பில் செய்த தவறைப் பேனாவால் எழுத வேண்டும், அடித்தல் திருத்தல் கூடாது, தவறை மறைத்தவருக்கு மதிப்பெண் கிடையாது என்பது வண்டிப் பலகை பழுது பார்க்கக் கற்றுத் தருகிற நம் மாலை வகுப்பின் சட்டம். மற்றவர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். எனக்குப் பிடித்திருந்தது. ஆகவே விட்டுப்போனதை இன்று, ஏப்ரல் 23, புதன்கிழமை, உட்கார்ந்து வரிசையாக எழுதிவிடுகிறேன். எழுத்து நடையில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பகலில் பல் மருத்துவரின் முன்மேசையில் சீட்டு எழுதுகிறவனுக்கு இவ்வளவு நீளமாக எழுதிப் பழக்கமில்லை.

வண்டி அத்தானுடையது. அக்காவின் கணவர். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. இருபது வருடம் மேலேயும் கீழேயும் போய்விட்டேன், இனிமேல் பக்கவாட்டில் போகிறேன் என்று சொல்லி, படுக்கை, அடுப்பு, ஹீட்டர் எல்லாம் உள்ளேயே இருக்கிற ஒரு பழைய கேரவனை வாங்கி வீட்டுப் பக்கச் சந்தில் நிறுத்தினார். பிப்ரவரி கடைசி ஞாயிறு அதைப் பின்னால் எடுக்கச் சொல்லி என்னை உட்கார வைத்தார். நான் மெதுவாகத்தான் எடுத்தேன். பின்னால் நின்று வா, வா என்று கையாட்டினார். சத்தம் கேட்ட பிறகு நிறுத்தினேன்.

"வா வான்னுதான் சொன்னேன் மாப்ள. செவுத்துக்குள்ள வான்னு சொல்லலியே."

"நீங்க நிறுத்துன்னு சொல்லல அத்தான்."

"செவுரே சொல்லுச்சே, கேக்கலியா?"

அக்கா ஜன்னலில் நின்று சிரித்தாள். அக்கா எனக்குப் பதினான்கு வயது மூத்தவள், தையல்காரி. அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து என் சட்டைகள் எல்லாம் அவள் தைத்தவை. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நான் செய்தது யாருக்காக என்பது பின்னால் தேவைப்படும்.

சேதம் இடப்பக்கக் கீழ்ப்பலகையில், பின்சக்கரத்துக்கு முன்னால். ஒரு முழ நீளத்துக்குக் கீறல், உள்ளங்கை அளவு ஒடுக்கு, ஃபைபரில் மூன்று வெடிப்பு. அங்கே தீப்பெட்டி அகலத்தில் ஒரு சல்லடை மூடியும் இருந்தது. அதுவும் உடைந்திருந்தது. கடையில் கொடுக்கலாம் என்றாள் அக்கா. நானே பார்க்கிறேன் என்றேன். பரீட்சைக்கு ஒரு வேலை காட்ட வேண்டியிருந்தது. அத்தான் உடனே சரி என்றார். "படிக்கிற புள்ள கையில குடுப்போம். கெட்டாலும் நம்ம வண்டிதானே." நல்ல மனிதர். அதை எழுதாவிட்டால் குறிப்பு முழுமையாகாது. குளிர் நாட்களில் என் செருப்பை உள்ளே எடுத்து வைப்பார். சாப்பிடும்போது சத்தம் வரும், அவ்வளவுதான்.

மார்ச் 4 அன்று உடைந்த மூடியைக் கழற்றினேன். வெடிப்புகளை V போலக் கீறி, துடைத்து, நார்த்துணி ஒட்டி, பட்டி போட்டேன். ஹார்டனர் இந்த முறை சரியாக இருந்தது. அந்த மகிழ்ச்சியில் எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் மூடினேன். வெடிப்பு, ஒடுக்கு, மூடி இருந்த ஓட்டை எல்லாம். பட்டிக்குக் கீழே எல்லா ஓட்டையும் ஒன்றுதான். நானோ, ஓட்டை என்றால் அடைக்க வேண்டும் என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பவன். இது கவனக்குறைவு. இதற்கு நீங்கள் மதிப்பெண் குறைக்கலாம்.

மாலையில் பட்டி குழைத்த தகட்டைக் கழுவும்போது அதன் அடியில் கிடந்த உடைந்த மூடி கையில் வந்தது. இது எதற்கு என்று யோசித்து, வண்டிக்குள் போய்க் குனிந்து பார்த்தேன். கேஸ் ஹீட்டரிலிருந்து ஒரு குழாய் சுவருக்குள் போய் நேராக அந்த இடத்துக்கு வருகிறது. புகை வெளியே போகிற வழி. வேறு வழி இல்லை. வண்டியோடு வந்த புத்தகத்தையும் எடுத்துப் பார்த்தேன். அந்த வழியை ஒருபோதும் அடைக்கக் கூடாது என்று சிவப்புக் கட்டம் போட்டு எழுதியிருந்தார்கள். இரண்டு முறை படித்தேன். எதையும் ஒருமுறை படித்தால் எனக்கு நம்பிக்கை வராது.

பட்டி அப்போது முழுக்க இறுகவில்லை. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. ஒரு திருப்புளி போதும், ஐந்து நிமிட வேலை. திருப்புளி எங்கே என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்குள் போனேன்.

உள்ளே அத்தானும் அக்காவும் தரையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா தையல் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். கோடு எங்கும் திரும்பி வரவில்லை.

"வா மாப்ள. நாங்க ரெண்டு வாரத்துல கெளம்பறோம். வீட்ட வாடகைக்கு விட்டுரலாம்னு பேச்சு. நீ ஒரு ரூம் பாத்துக்க, என்ன?"

"எப்ப வருவீங்க?"

"போறப்பவே வர்றதப் பத்திக் கேக்குறான் பாரு," என்றார் அத்தான்.

"ஒரு வருஷம், ரெண்டு வருஷம். யாருக்குத் தெரியும்?" என்றாள் அக்கா. "உனக்கும் இருபத்து மூணு ஆச்சு. இன்னும் நான்தான் உனக்குப் பட்டன் தெச்சுக் குடுக்கணுமா? போய்த் திருப்புளியத் தேடு. எந்நேரமும் எதையாவது தேடிக்கிட்டே நிக்கிறான்."

திருப்புளி வழக்கமான இடத்தில்தான் இருந்தது. எடுத்தேன். வைத்தேன். அதைத் திரும்ப வைத்த நேரத்தை எழுத வேண்டுமானால், மாலை ஆறு நாற்பது.

என் நினைப்பு இவ்வளவுதான்: இரண்டு நாள் உள்ளே படுத்தால் தலை வலிக்கும். குமட்டும். இந்த வண்டி நமக்கு ஒத்துவராது என்று திரும்பிவிடுவார்கள். வைத்தால் குடுமி, சிரைத்தால் மொட்டை என்கிற ஆள் இல்லை நான். அளவாகத்தான் நினைத்தேன். அளவு பிசகுவது என் பழைய குறை. முதல் நாள் குறிப்பிலேயே அது இருக்கிறது.

அடுத்த மூன்று நாள் உப்புத்தாள் தேய்த்தேன். முதலில் எண்பதாம் நம்பர் தாள், பிறகு நூற்றியெண்பது, பிறகு முந்நூற்றிருபது. பிரைமர் இரண்டு பூச்சு, நிறம் மூன்று பூச்சு. ஓரங்களில் டேப்பை ஈரம் காய்வதற்குள் உரித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பட்டியில் முடிகிறது.

மார்ச் 8, சனிக்கிழமை, நீங்களே வந்தீர்கள். நம் வகுப்பின் வழக்கப்படி கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் பலகையைத் தடவினீர்கள். சக்கரத்திலிருந்து கதவு வரை. பிறகு திரும்பவும். மூன்றாவது முறையும். என் நெஞ்சு அடித்துக்கொண்டது, உண்மையைச் சொல்கிறேன், பரீட்சைக்காக மட்டும்.

"எங்கப்பா ஒடுக்கு? நான் வேற பக்கம் தடவுறனா?" என்று கேட்டீர்கள்.

"இதே பக்கம்தான் டீச்சர்."

"அப்ப நீ பாஸ்தான். நோட்ட மட்டும் குடுத்துடு."

அத்தான் கை தட்டினார். "எம் மாப்ள செவுத்துல இடிச்சா செவுருக்கே பெருமை" என்றார். அன்று முழுக்க அவர் என்னைப் பற்றித்தான் தெருவில் பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஞாயிறு அவர் மட்டும் வண்டியில் படுத்துப் பார்க்கிறேன் என்றார். அக்காவுக்குத் திரைச்சீலை தைத்து முடியவில்லை. அவருடைய குறட்டையிலிருந்து ஒரு நாள் விடுதலை என்றும் சொன்னாள். குளிர் இருந்தது. காலையில் அக்கா காபி எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள். ரொம்ப நேரம் தட்டினாள். நான் போய்த் திறந்தேன். அத்தான் வலப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

இதில் நான் கணக்கில் எடுக்காதது ஒன்று. தலைவலி வந்தால் ஆள் எழுந்துகொள்வார் என்று நினைத்தேன். அத்தான் இடி விழுந்தாலும் எழாதவர். தூங்குகிறவரின் தன்மையைப் பார்க்காமல் விட்டேன்.

போலீஸ்காரர் ஒருவரும் வண்டிகளைச் சோதிக்கிற ஒருவரும் வந்தார்கள். சோதிக்கிறவர் ஹீட்டரைத் திறந்து பார்த்து, உள்ளே ஒரு இணைப்பு துருப்பிடித்திருக்கிறது, புகை அதன் வழியாகத்தான் கசிந்திருக்கும் என்றார். வெளியே வந்து பலகைகளைத் தட்டினார்.

"இந்தப் பக்கம் ஏதாச்சும் வேலை பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். கொஞ்சம் பட்டி."

"எந்த எடம்?"

சக்கரத்துக்கு முன்னால் என்று சொன்னேன். பொய் சொல்லவில்லை. அவர் குனிந்து பார்த்தார், விரலால் தடவினார், நிமிர்ந்தார். "தெரியவே இல்லியே. நல்ல கை தம்பி உனக்கு." உடைந்த மூடி எங்கே என்று கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். பழைய ஹீட்டர், துருப்பிடித்த இணைப்பு என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

அக்கா ஒரு மாதம் ஒன்றும் பேசவில்லை. நான் சமைத்தேன், துவைத்தேன், அவள் தையல் ஊசிகளை எண்ணி டப்பாவில் வைத்தேன். வீட்டை வாடகைக்கு விடுகிற பேச்சு நின்றுபோனது. அந்த மாதம் எங்கள் இருவருக்கும் நன்றாகவே இருந்தது என்று சொன்னால் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

போன வாரம் அவள் மெக்கானிக்கைக் கூப்பிட்டு வண்டிக்குப் புது ஹீட்டர் மாட்டினாள். அவர் குழாய் பழையதே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, பட்டப்பகலில், எல்லாக் கதவையும் திறந்து வைத்துக்கொண்டு பற்ற வைத்துப் பார்த்தார். நீலமா எரியுது, பிரச்சினை இல்லை என்றார். நான் அப்போது பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

"எதுக்குக்கா புது ஹீட்டர்?"

"கெளம்பத்தான். நாங்க கோடு போட்ட ஊரெல்லாம் நானாவது போய்ப் பாத்துட்டு வரேன்."

"தனியாவா?"

"ஏன், நீ வர்றியா?" அவள் சாவியைத் தேடுவது போலப் பையைத் துழாவினாள். "வராதடா. கோவிச்சுக்காத. உன் மூஞ்சியப் பாத்தா எனக்கு அந்தக் காலைதான் ஞாபகம் வருது. கொஞ்ச நாள் தனியா இருக்கணும். வீட்ட நீயே வச்சுக்க."

வீடு கிடைத்துவிட்டது. நான் கேட்டது வீடு இல்லை.

ஆகவே, டீச்சர், சட்டப்படி எழுதுகிறேன். அந்த வழியை அடைத்தது என் கை. அடைத்தது தெரிந்த பிறகு திறக்காமல் விட்டது என் மனது. அதன் மேல் ஐந்து பூச்சு அடித்தது இரண்டும் சேர்ந்து. அத்தானைக் கொன்றவன் நான். அடித்தல் திருத்தல் இல்லை. நோட்டு உங்கள் மேசைக்கு வெள்ளிக்கிழமை வரும். அதற்கு முன்னால் கொடுக்க முடியாது. வகுப்பே வெள்ளிக்கிழமைதான்.

அப்படியானால் அந்த இடத்தை இப்போதாவது திறக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். யோசித்தேன். இரண்டு பட்டியல் போட்டுப் பார்த்தேன். துளை போட்டால் ஓரம் சிலும்பும், நிறம் ஒட்டாது, நீங்கள் தடவிப் பார்த்த பலகை அது. அதைவிட முக்கியம், அக்காவின் தூக்கம் எனக்குத் தெரியும். பதினான்கு வருடமாக அடுத்த அறையில் படுப்பவன். நான் இருமினாலே எழுந்து தண்ணீர் கொண்டு வருவாள். இந்த முறை தூங்குகிறவரின் தன்மையைக் கணக்கில் எடுத்திருக்கிறேன். தலை லேசாக வலிக்கும், எழுந்துகொள்வாள், ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவள் போகிற பக்கம் குளிர் அதிகமாம், ஹீட்டரை முதல் நாளே போட்டுவிடுவாள். அவளுக்கு எந்தக் கெடுதலும் வர நான் விட்டதில்லை.

நாளை, வியாழன். காலை ஆறு மணி: இடப்பக்கக் கீழ்ப்பலகைக்கு மெழுகு, இரண்டு கை, நடுவில் அரை மணி காய விட வேண்டும். எட்டு மணிக்கு அக்கா கிளம்புகிறாள்.