மூன்று நாள் மூப்பு

ஐப்பசி மாதத்தில் குன்னூரில் ஒரு சட்டை காய்வதற்கு மூன்று நாளாகும். அதனால்தான் சீருடைச் சட்டை எட்டு வைத்திருக்கிறேன். ஈரவாடை வீசும் சட்டையோடு விமானத்தில் ஏறுகிறவர் கேப்டன் என்ற சொல்லுக்கே இழுக்கைத் தேடித் தருகிறார் என்பது என் கருத்து. விபத்து விசாரணை அதிகாரி சுஜாதா அவர்களே, இந்த மழையில் தாங்கள் பர்லியாறு வழியாக ஏறி வந்ததற்கு நன்றி. தேநீர் ஆறிவிடும், அருந்துங்கள். நான் சொல்லப்போவது சற்று நீளம், ஆனால் சிக்கல் ஏதும் இல்லாதது.

என் பெயர் சிவகுரு என்பதும், கோவையிலிருந்து சிற்றூர்களுக்குப் பறக்கும் ஒரு சிறிய விமான நிறுவனத்தில் நான் கேப்டன் என்பதும் தங்கள் கோப்பில் உள்ளன. கோப்பில் இல்லாதது ஒன்று உண்டு. இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதத் திங்கட்கிழமை நான் அந்த நிறுவனத்தில் சேர்ந்திருக்க வேண்டும். மஞ்சூரிலிருந்து பெட்டியோடு புறப்பட்டேன். மலைச்சாலையில் மண் சரிந்து பாதை அடைபட்டது. நான் கீழே இறங்கியபோது வியாழக்கிழமை. என்னோடு தேர்வான பொன்ராஜ் சமவெளிக்காரர்; திங்களன்றே கையொப்பமிட்டுவிட்டார். வயதில் அவர் எனக்கு ஓராண்டு இளையவர். மூப்புப் பட்டியலில் எனக்கு மூன்று நாள் மூத்தவர்.

மூப்புப் பட்டியல் என்றால் என்னவென்று வெளியார்க்கு விளங்காது. விமானிகள் அறைச் சுவரில் தொங்கும் ஒரு தாள் அது. தீபாவளிக்கு எவர் வீட்டில் இருப்பது, எவர் வானத்தில் இருப்பது என்பதை அந்தத் தாள் சொல்லும். இரண்டு விமானிகளும் ஒரே உணவை உண்ணக் கூடாது என்பது எங்கள் விதி. ஒன்று கெட்டிருந்தால் மற்றவராவது விழித்திருக்க வேண்டும். எந்தப் பொட்டலத்தை எவர் முதலில் எடுப்பது என்பதையும் அந்தத் தாளே சொல்லும். பொன்ராஜ் எப்போதும் எலுமிச்சைச் சாதத்தை எடுத்துக்கொள்வார். அவரோடு பறந்த நாளெல்லாம் நான் உப்புமா உண்டேன்.

இளமையில் நான் மூப்பின் எதிரி. "பிறந்த குடியால் உயர்வென்றால் அதைச் சாதி என்கிறோம், சேர்ந்த தேதியால் உயர்வென்றால் அதற்கு என்ன பெயர்?" என்று துண்டறிக்கை அச்சிட்டு வழங்கினேன். விமானிகள் சங்கக் கூட்டத்தில் ஒலிபெருக்கி அதிர முழங்கினேன். எல்லோரும் கைதட்டினார்கள். பொன்ராஜும் தட்டினார். மறுநாள் காலையில் அவர் இடப்பக்கம் கேப்டன் இருக்கையில் அமர, நான் வலப்பக்கம் துணை விமானியாக அமர்ந்தேன். அன்று நிறுவனத்தில் மூன்றே விமானங்கள். அடுத்த கேப்டன் இடம் காலியாக ஏழாண்டுகள் பிடித்தன. காலப்போக்கில் மேலே இருந்தவர்கள் ஓய்வு பெற்றார்கள். பொன்ராஜின் பெயர் முதலிடத்துக்கும், என் பெயர் இரண்டாமிடத்துக்கும் வந்தன. அந்த ஆண்டில்தான் மூப்பின் அருமை எனக்கு விளங்கியது. கீழே நாற்பத்தாறு பெயர்கள் இருக்கும் ஒரு பட்டியலை எவரும் அவ்வளவு எளிதில் கொளுத்திவிட முடியாது.

பொன்ராஜிடம் ஒரே ஒரு மறதி உண்டு. விமானத்தில் உயரம் காட்டும் கருவிக்குக் காற்றழுத்தத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மேலே பறக்கும்போது எல்லோருக்கும் பொதுவான ஓர் எண். இறங்கும்போது, இறங்கும் ஊரின் அழுத்தத்துக்கு அதை மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால், வெயில் நாளில் பெரிய பிழை நேராது. மழைக்காலத்தில் அழுத்தம் தாழ்ந்திருக்கும். அப்போது கருவி பொய் சொல்லும். முந்நூறு அடி கூடுதலாகக் காட்டும். பொன்ராஜ் அதை மாற்ற மறப்பார். எப்போதும் அல்ல, நான்கில் ஒருமுறை. அந்த ஏழாண்டும் நான் அவருக்கு நினைவூட்டினேன். அவர் என் தோளைத் தட்டி, "உன்னை மாதிரி ஒருத்தன் பக்கத்துல இருந்தா எனக்கென்னப்பா கவலை? நீ சொல்லுவே, நான் திருகிக்குவேன்" என்பார். மேலிடத்தில் இதை நான் சொன்னதில்லை. இளையவர் மூத்தவரைக் காட்டிக்கொடுப்பது எங்களிடையே வழக்கமில்லை.

இவ்வாண்டு தையில் ஓர் அறிவிப்பு வந்தது. ஆகஸ்டில் விமான இயக்கத் தலைவர் பதவி காலியாகிறது. வழக்கம்போல் மூப்புப் பட்டியலின் முதல் பெயருக்கே அது. ஆகஸ்டில் என் ஓய்வுக்குப் பதினான்கு மாதம் இருக்கும். பொன்ராஜின் ஓய்வுக்கு அதைவிட ஓராண்டு கூடுதலாக இருக்கும். நான் இரண்டாமவனாகவே வீட்டுக்குப் போவேன். மண்சரிவு ஒன்று என்னை அவ்வாறு முடிவு செய்திருந்தது. ஆனால் பயிற்சித் தலைவர் நான். துணை விமானி கேப்டனாக உயர வேண்டுமானால் என் கையொப்பம் வேண்டும். எவர் எவரோடு பறப்பது என்ற மாதப் பட்டியலும் என் மேசையிலிருந்துதான் புறப்படும்.

கெஸியாவைப் பற்றி இனிச் சொல்கிறேன். ஜெகதளா பகுதிப் பெண். இருபத்தேழு வயது. துணை விமானி. கேப்டனாவதற்குரிய பறத்தல் மணிகளை முடித்துவிட்டு என் கையொப்பத்துக்குக் காத்திருந்தாள். குன்னூரிலிருந்து கோவை விமான நிலையத்துக்கு எங்கள் இருவரையும் ஒரே வண்டி ஏற்றிச் செல்லும். இளையவர் இறங்கி மூத்தவரின் பெட்டியை வண்டியில் வைப்பது வழக்கம். முதல் நாள் அவள் இறங்கவில்லை.

"சார், உங்க பெட்டிக்குச் சக்கரம் இருக்குதுங்களே. அதுவே உருண்டு வருமுங்க" என்றாள். ஓட்டுநர் சிரித்துவிட்டார்.

இன்னொரு நாள் மூப்பின் பெருமையை நான் எடுத்துரைத்தபோது, "நீங்க வேலைக்குச் சேந்தப்ப நான் பொறக்கவே இல்லீங்க சார். அதுக்கு என்னைய ஏனுங்க தண்டிக்கறீங்க?" என்று கேட்டாள். என் பழைய துண்டறிக்கையை யாரோ அவளிடம் காட்டியிருந்தார்கள். "நல்லா எழுதியிருக்கறீங்க சார். எழுதுன ஆளு எங்கீங்க இப்ப?" என்றாள்.

நான் கோபப்படவில்லை. துணை விமானிகளிலேயே உரக்கப் பேசுகிறவள் அவள். அவள் வாய் அடங்கினால் எவர் வாயும் அடங்கும். பிப்ரவரியிலிருந்து அவளை என்னோடு மட்டும் பறக்க வைத்தேன். வானம் தெளிந்த நாள்களில், கண்ணுக்கு ஓடுபாதை தெரியும்போது, அழுத்த எண்ணை வேண்டுமென்றே மாற்றாமல் இருந்தேன்.

"சார், பிரஷர் செட்டிங் பழசுலயே இருக்குதுங்க."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா மாத்தீருங்க சார்."

அன்று மதிப்பீட்டுத் தாளில் 'பணிவு போதாது' என்று எழுதினேன். பதவி உயர்வு ஒரு மாதம் தள்ளிப்போயிற்று. மறுமுறையும் அவள் சொன்னாள். 'கேப்டனின் அதிகாரத்தில் குறுக்கிடுகிறார்' என்று எழுதினேன். இன்னொரு மாதம். கேப்டன் மறந்துவிட்டார் என்று நினைப்பதே அவமதிப்பு என்றும், மூத்தவர் செய்யாதிருந்தால் அதற்கும் காரணம் இருக்கும் என்றும் பொறுமையாக விளக்கினேன். நான் குரலை உயர்த்தியதே இல்லை.

ஏப்ரலில் அவளுடைய தந்தை அம்புரோஸ் என் வீட்டுக்கு வந்தார். அரசு வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர். தாங்கள் அமர்ந்திருக்கும் நாற்காலியின் நுனியில்தான் அமர்ந்தார்.

"ஏனுங்க கேப்டன், புள்ளைக்குக் கொஞ்சம் வாய் நீளமுங்க. மனசுல ஒண்ணும் இல்லீங்க. நானெல்லாம் முப்பத்தாறு வருசம் ஃபோர்மேன் முன்னால வாயே தெறந்ததில்லீங்க. அவளுக்கும் அப்பிடியே இருக்கோணும்னு சொல்லிப்போட்டு வந்திருக்கறனுங்க."

"வெடிமருந்து வேலையாச்சுங்களே. ஃபோர்மேன் தப்புப் பண்ணுனா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். உண்மையிலேயே அறிய விரும்பினேன்.

"அதுக்கு மணி இருக்குதுங்க. தானா அடிச்சுப்போடும்" என்றார்.

அவர் சொன்னதை நான் நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன்.

மே மாதத்தில் ஒரு நாள், ஏழாம் முறையாக எண்ணை மாற்றாமல் இருந்தேன். கெஸியா பார்த்தாள். மடியிலிருந்து கை எழுந்தது; பின் மடிக்கே திரும்பியது. மனத்துக்குள் ஒன்பது வரை எண்ணிவிட்டு நானே திருகினேன். "நன்று" என்றேன். அன்று குன்னூரில் இறங்கியபோது என் பெட்டியை அவளே எடுத்து வைத்தாள்.

ஜூன் மாதப் பட்டியலில் அவளைப் பொன்ராஜுக்குக் கொடுத்தேன்.

"ஏப்பா சிவகுரு, அந்தப் புள்ள லொடலொடன்னு பேசிட்டிருக்கும். இப்பப் பூனையாட்டம் வருது? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று பொன்ராஜ் கேட்டார்.

"பக்குவம் வந்துருச்சுங்க" என்றேன்.

அந்த மாதம் இருவரும் பதினாறு முறை சேர்ந்து பறந்தார்கள். இரண்டு முறை, மழை மேகத்துக்குள் விமானம் தாழ்ந்துவிட்டது. எங்கள் விமானத்திலும் ஒரு மணி உண்டு. தரை நெருங்கினால் கத்தும் கருவி. அது கத்தியது. பொன்ராஜ் விமானத்தை மேலே ஏற்றித் தப்பித்தார். அந்த இரு அறிக்கைகளும் என் மேசைக்கு வந்தன. இதோ இந்த உறையில் இருக்கின்றன. எவருக்கும் நான் அனுப்பவில்லை. அந்த விமானங்களில் முறையே நாற்பத்தொரு பேரும் நாற்பத்தாறு பேரும் இருந்தார்கள் என்று தாங்கள் கணக்கிடுவீர்கள். அவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஜூலை முதல் வாரத்தில் ஒரு விமானத்தில், தரை நெருங்கினால் கத்தும் அந்தக் கருவி பழுதாயிற்று. சரிசெய்ய, பயணிகளின்றி, வேறோர் ஊர்ப் பணிமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த ஊரின் ஓடுபாதைக்கு முன்னால் ஒரு கரடு, சிறு பாறைக்குன்று, உண்டு. வெள்ளிக்கிழமை காலை வானிலைக் குறிப்பைப் படித்தேன். அழுத்தம் அந்த ஆண்டிலேயே அன்றுதான் மிகத் தாழ்ந்திருந்தது. பெயர் எழுதும் இடத்தில் பொன்ராஜ் என்றும் கெஸியா என்றும் எழுதினேன். வெற்று விமானத்தைத் தேர்ந்தேன் என்பதை இரக்கம் என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. பிறர் சொன்னால் மறுக்கவும் மாட்டேன்.

புறப்படுமுன் அவளை அழைத்தேன். "இன்னிக்குப் பொன்ராஜ் சார் உன்னைப் பத்தி ஒரு வரி எழுதுவாரம்மா. அது ஒண்ணுதான் பாக்கி. வாயத் தெறக்காமப் போயிட்டு வா. திங்கட்கிழமை உன் தோள்ல கேப்டனோட நாலாவது பட்டை."

"நெசமாங்களா சார்?" என்றாள். ஆறு மாதத்தில் முதன்முறையாக அவள் சிரித்ததைப் பார்த்தேன்.

மற்றவை தங்களுக்குத் தெரியும். விமானம் கரட்டில் மோதியது, இருவரும் இறந்தார்கள். இரங்கல் கூட்டத்தில் நான்தான் பேசினேன். நன்றாகப் பேசியதாகச் சொன்னார்கள். அம்புரோஸ் என் கைகளைப் பிடித்துக்கொண்டு, "உங்க பேச்சக் கேட்டு நல்ல புள்ளையா மாறிட்டாளுங்க கேப்டன்" என்று அழுதார். செப்டம்பர் முதல் தேதி நான் இயக்கத் தலைவரானேன். இளைய விமானிகள் இப்போது ஒரு மனு கொடுத்திருக்கிறார்கள். மூப்பை ஒழித்துத் திறமைக்கு இடம் தர வேண்டுமாம். என் துண்டறிக்கையிலிருந்து இரண்டு வரிகளை எடுத்தாண்டிருக்கிறார்கள். மனுவைப் பரிசீலனையில் வைத்திருக்கிறேன்.

நேற்றுத் தாங்கள் எனக்கு விமானத்தின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினீர்கள். மழைச் சத்தம். பிறகு கெஸியாவின் குரல்: "சார்..." பொன்ராஜ், "என்னம்மா?" என்கிறார். நான்கு நொடி அமைதி. "ஒண்ணுமில்லீங்க சார்." அதற்குப் பின் பதினொரு நொடிகள்தாம். அவள் தன் பக்கத்துக் கருவியைச் சரியாக மாற்றியிருந்தாள் என்பதையும், அது உண்மையான உயரத்தையே காட்டிக்கொண்டிருந்தது என்பதையும் தரவுப் பெட்டி சொல்கிறது என்றீர்கள்.

பிறகு தங்கள் வரைவு அறிக்கையை, பயிற்சித் தலைவர் என்ற முறையில் என் கருத்துக்காகக் கொடுத்தீர்கள். இரவெல்லாம் படித்தேன். பதினான்காம் பக்கத்தில், கேப்டனின் பிழையைத் துணை விமானி சுட்டிக்காட்டாததற்குக் காரணம் 'போதிய பயிற்சி இன்மை' என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்காகத்தான் காலையில் தொலைபேசியில் அழைத்துத் தங்களை இவ்வளவு தூரம் வரவழைத்தேன்.

அவர்கள் திரும்பக் கூடாது என்று எண்ணியே அந்த இரண்டு பெயர்களையும் எழுதினேன். அதைக் கொலை என்று எழுதுங்கள், கையொப்பமிடுகிறேன். ஆனால் பதினான்காம் பக்கத்தில் உள்ள அந்தச் சொற்களை அடித்துவிடுங்கள். அந்த நான்கு நொடிகளை இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள், அம்மா. இத்தனை ஆண்டுகளில் என் கையில் உருவான விமானிகளில், அவளைப்போல் முழுமையாகப் பயிற்சி பெற்றவர் வேறு எவருமில்லை.