ஞாபகத்தை நம்பிய மெஷின்

நான் பதறுகிற ஆள் இல்லை, ஐயா. பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டினால் யாருக்கும் பொறுமை வந்துவிடும்.

எங்கள் பட்டறையில் அட்டைப்பெட்டி செய்கிறோம். அட்டை வெட்டும் பிரஸ்ஸை ஓட்டுவது, காலேஜ் நாளில் நான் விளையாட வாங்கிய கம்ப்யூட்டர். அதை மெஷினோடு இணைத்தவனும் நான்தான். பிரஸ்ஸின் வாயில் குறுக்கே ஓர் ஒளிக்கதிர் ஓடும். கை உள்ளே போனால் கதிர் மறையும்; கம்ப்யூட்டர் பார்த்துக் கத்தியை நிறுத்திவிடும். இருபது வருஷத்தில் ஒருவருக்கும் நகம்கூடப் பெயரவில்லை.

அப்பா பட்டறையைத் தம்பியிடம் கொடுத்தார். "ஆளுங்களை வெச்சு வேலை வாங்க உனக்கு வராதுடா. நீ உன் கம்ப்யூட்டர் பெட்டியைப் பாத்துக்கோ" என்றார். தலையாட்டினேன். தம்பி கெட்டவன் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். ஒரு வெட்டுக்குக் கணக்குப் போட கம்ப்யூட்டர் நாற்பது விநாடி எடுத்துக்கொள்ளும். ஒருநாள் ஆட்கள் எல்லாரும் இருக்கும்போது, "எங்கண்ணனும் இந்தப் பெட்டியும் ஒரே மாடல். ரெண்டையும் சேர்த்து இரும்புக் கடையில போட்டாதான் பட்டறை உருப்படும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு அவனே எங்கிருந்தோ வேகமான ப்ராசஸர் கார்டு ஒன்றைத் தேடிப்பிடித்து வந்தான். "வேகம் வேணும்ணா. எப்படியாவது பண்ணிக் கொடு." எப்படியாவது என்றது அவன். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தக் கார்டில் கேஷ் என்று ஒன்று உண்டு. ஒருமுறை படித்ததை ப்ராசஸர் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை எழுந்துபோய்ப் பார்க்காது. ஞாபகத்தில் இருப்பதையே நம்பும். கணக்குப் போட அது வரம்தான். நாற்பது விநாடி ஒன்பதாகிவிட்டது. ஆனால் ஒளிக்கதிரை அப்படி ஞாபகத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது, ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்க்க வேண்டும். அதற்கு, இந்த ஓர் இடத்தை மட்டும் கேஷில் வைக்காதே என்று, ஆன் செய்ததும் கம்ப்யூட்டர் படிக்கும் தொடக்கக் கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும். எழுதினேன். பிறகு அழித்தேன். அந்த வரி இருந்திருந்தாலும் ஒன்பது விநாடிதான் ஆகியிருக்கும். அதையும் மறைக்கவில்லை.

சோதித்தும் காட்டினேன். ஆன் செய்ததும் முதல் பார்வை நிஜப் பார்வை, ஞாபகம் அப்போது காலி. மரச்சட்டம் ஒன்றை உள்ளே நீட்டிவிட்டு ஆன் செய்தேன். கத்தி இறங்கவில்லை.

"நீ இருக்கும்போது எனக்கென்ன பயம்ணா" என்றான்.

சட்டத்தை எடுத்துவிட்டு அணைத்து, மறுபடி ஆன் செய்தேன். இப்போது அது பார்த்தது கையில்லாத வாயை; இனி அதையே நம்பும். கேஷில் இடம் போதாமல் பழையதை வெளியே தள்ளும்போது மட்டும் திரும்பப் பார்க்கும். அதனாலோ என்னவோ, பதினோரு நாள் ஒன்றும் ஆகவில்லை. அந்த மெஷினில் தம்பியைத் தவிர யாரும் நிற்பதில்லை. பதினோரு நாளும் நான் பக்கத்து மேசையில்தான் இருந்தேன். இரண்டு முறை அவனே டீ கொண்டுவந்து கொடுத்தான்.

பன்னிரண்டாம் நாள் காலை அட்டைத் துண்டு ஒன்று சிக்கியது. கையை விட்டால் கத்தி நின்றுவிடும் என்பது அவனுடைய இருபது வருஷப் பழக்கம். விட்டான். வலது கையில் கட்டைவிரல் மிஞ்சியது.

ஆஸ்பத்திரியில், "அவசரப்பட்டுட்டேன்ணா, என் தப்புதான்" என்றான். "விடுடா" என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். அவன் மனைவி, "பட்டறையை இனிமே நீங்கதான் பாத்துக்கணும் மாமா" என்று அழுதாள். ஆகட்டும் என்றேன். வேறு யார் இருக்கிறார்கள்?

வேண்டுமென்றே செய்தாயா என்கிறீர்கள். ஆமாம். பெரிய வஞ்சம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் பயப்படட்டும், பெட்டியின் அருமை தெரியட்டும் என்றுதான் நினைத்தேன். கை போகும் என்று யார் கண்டது?

கோப்பின் தேதியைக் காட்டுகிறீர்கள். விபத்து நடந்த மறுநாள் காலையே அந்த வரியைச் சேர்த்திருக்கிறேன், உண்மைதான். அன்றைக்கு மட்டும் எப்படி அவ்வளவு அக்கறை வந்தது என்று கேட்கிறீர்கள். அன்றிலிருந்து அந்த மெஷினில் நிற்கப்போவது நான்தானே, ஐயா.